வெள்ளி மூழ்கிய ஊரில் ஒரு மண் தேவாலயம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து 30 மைலுக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது டூம்ஸ்டோன். அந்தச் சிற்றூரின் வரைபடத்தில் மூன்றாம் தெருவும் ஃப்ரீமான்ட் தெருவும் சந்திக்கும் முனையைப் பாருங்கள். 1881 அக்டோபர் 26 பிற்பகலில் அந்த முனையை ஒட்டிய காலி மனையில் முப்பது விநாடி துப்பாக்கிச் சண்டை நடந்தது. பில்லி கிளான்டன், ஃபிராங்க் மெக்லாரி, டாம் மெக்லாரி என்று மூவர் செத்தார்கள். ஓ.கே. கொரால் சண்டை என்று நூற்றுக்கணக்கான நாவல்களிலும் படங்களிலும் வருவது இதுதான். உண்மையில் அது கொரால் என்ற குதிரைப்பட்டிக்குள் நடக்கவில்லை, அதன் பின்வாசலிலிருந்து சற்றுத் தள்ளி நடந்தது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே முனையிலிருந்து மூன்றாம் தெருவில் வடக்கே ஒரு தெரு தள்ளினால் சாஃபர்ட் தெரு. அங்கே புனித பவுல் எப்பிஸ்கோப்பல் தேவாலயம் நிற்கிறது. சண்டை நடந்து எட்டே மாதத்தில், 1882 ஜூன் 18 ஞாயிறன்று, அதில் முதல் ஆராதனை நடந்தது. அரிசோனாவில் இன்றும் நிற்கும் சீர்திருத்த சபைத் தேவாலயங்களில் மிகப் பழையது இதுவே என்கிறார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: போக்கிரிகளின் ஊருக்கு இளம் போதகர் ஒருவர் வந்தார், சூதாடிகளிடம் கைநீட்டிக் காசு வாங்கினார், கோயிலைக் கட்டினார், ஊர் திருந்தியது. முதல் மூன்றில் உண்மை இருக்கிறது. நான்காவது வெறும் ஆசை. இந்தக் கட்டடத்துக்கு அதைவிடச் சுவையான இன்னொரு வரலாறு உண்டு. அது தண்ணீரையும் மண்ணையும் பற்றியது.

முதலில் பெயர்கள். டூம்ஸ்டோன் என்றால் கல்லறைக்கல். 1877இல் எட் ஷீஃப்லின் என்பவர் ஹுவாச்சுக்கா ராணுவ முகாமிலிருந்து தன்னந்தனியாகத் தாது தேடிக் கிளம்பினார். அப்பாச்சிகளின் நாடு அது. அங்கே உனக்குக் கிடைக்கப்போகும் ஒரே கல் உன் கல்லறைக்கல்தான் என்று சிப்பாய் ஒருவர் கேலி செய்தாராம். வெள்ளித் தாது கிடைத்ததும் ஷீஃப்லின் தம் உரிமை நிலத்துக்கு அதையே பெயராக வைத்தார். 1879இல் ஊர் எழுந்தது. 1880 மே மாதம் தொடங்கிய செய்தித்தாளுக்கு ‘எபிடாஃப்’, அதாவது கல்லறை வாசகம், என்று பெயர். நிறுவியவர் ஜான் கிளம், பின்னர் ஊரின் மேயராகவும் இருந்தவர். அதற்கு முன்பு சான் கார்லோஸ் ஒதுக்கீட்டு நிலத்தில் அப்பாச்சிகளை நிர்வகித்த அரசு முகவரும் அவரே. சிரிகாவா அப்பாச்சிகளுக்கென்று 1872இல் இப்பகுதியில் ஒதுக்கிய நிலத்தை அமெரிக்க அரசு 1876இல் திரும்ப எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ஷீஃப்லின் வந்துவிட்டார். வெள்ளி ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதும்போது இந்த ஓராண்டு இடைவெளியும் நினைவில் இருப்பது நல்லது.

எப்பிஸ்கோப்பல் என்ற சொல்லுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்கக் கிளை, விடுதலைப் போருக்குப் பிறகு அரசரைத் தலைவராக ஏற்க முடியாத நிலையில், 1789இல் தனிச் சபையாக அமைந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. நம் பக்கத்தில் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்த ஆங்கிலிக்கன் மரபுக்கு அது பங்காளி. பெயரின் வேர் ‘எபிஸ்கோப்போஸ்’ என்ற கிரேக்கச் சொல். மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைக் ‘கண்காணி’ என்றே ஆக்கியது. அதே சொல்தான் இலங்கை, மலேயா தோட்டங்களில் கூலிகளை மேய்த்த கங்காணியாகவும் திரிந்தது. ஆன்மாக்களுக்கு ஒருவர், கூலிகளுக்கு ஒருவர் என்று ஒரே சொல் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. சுரங்க ஊரின் எப்பிஸ்கோப்பல் கோயிலைப் படிக்க இந்தத் தற்செயல் மோசமான திறவுகோல் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டூம்ஸ்டோனின் துயரம் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. நிலத்துக்கு மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது. வண்டியில் கொண்டுவந்து விற்றார்கள். தாதுவை இடித்துப் பொடியாக்க நீர் வேண்டும் என்பதால் அரைவை ஆலைகளை ஊருக்கருகே வைக்க முடியவில்லை. மைல் கணக்கில் தள்ளி ஓடும் சான் பெத்ரோ ஆற்றங்கரையில் வைத்தார்கள். கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் தாதுவைச் சுமந்துபோயின. 1881 ஜூன் 22 அன்று ஒரு மதுக்கடையில் பிடித்த தீ கடைத்தெருவை விழுங்கியபோது அணைக்கக் கையில் நீர் இல்லை.

நிலத்துக்குக் கீழே நிலைமை நேர்மாறு. அதே 1881இல் சல்ஃபரெட் சுரங்கத்தில் சுமார் 520 அடி ஆழத்தில் வேலை செய்தவர்களின் காலடியில் நீர் ஊறியது. தாது அரைக்க நீர் கிடைத்தது என்று முதலில் சிலர் மகிழ்ந்தார்கள். நல்ல தாது நீர்மட்டத்துக்குக் கீழேயும் தொடர்கிறது, நீரோ நிற்கவில்லை என்பது சில மாதங்களில் புரிந்தது. கன்டென்ஷன், கிராண்ட் சென்ட்ரல் என்ற இரு பெரிய நிறுவனங்கள் ராட்சத கார்னிஷ் பம்புகளை நிறுவி இரவும் பகலும் இறைத்தன. மேலே தாகம், கீழே வெள்ளம். 1882இல் ஹுவாச்சுக்கா மலையிலிருந்து சுமார் 25 மைல் இரும்புக் குழாய் போட்டு ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். காலடியில் கிடந்த நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே, குடிநீரைத் தொலைவிலிருந்து வரவழைத்த ஊர் அது.

இந்த ஊருக்கு 1882 ஜனவரி இறுதியில் கோச்சு வண்டியில் வந்து இறங்கினார் எண்டிகாட் பீபடி. வயது 24. இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர இறையியல் கல்லூரியில் மாணவர், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவர். பூர்வீகம் சேலம் நகரின் பழைய வணிகக் குடும்பம். தந்தை சாமுவேல் எண்டிகாட் பீபடி லண்டனில் ஜே.எஸ். மார்கன் வங்கியின் கூட்டாளி. மகன் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தவர், சட்டம் பயின்றவர், பாஸ்டன் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத்தான் இறையியலுக்கு வந்தார். ஆறடி உயரம் தாண்டிய, தோள் அகன்ற ஆள். குத்துச்சண்டை தெரியும். டூம்ஸ்டோனில் பேஸ்பால் அணி சேர்த்தார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டதற்குப் பிரசங்கத்தைவிட இந்தப் பேஸ்பால் அதிகக் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த மாதங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்திருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் வங்கி எழுத்தராக இருந்துவிட்டு வெள்ளி தேடி வந்த ஜார்ஜ் பார்சன்ஸ், ஊரின் மற்றொரு விடாப்பிடியான நாட்குறிப்பாளர், இவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

பீபடி ஊரில் இருந்தது ஜூலை நடுப்பகுதி வரை, ஆறு மாதத்துக்குள். அந்த ஆறு மாத நாட்காட்டியைப் புரட்டினால் ‘ஊர் திருந்தியது’ என்ற கதை நிற்காது. அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1881 டிசம்பர் 28 இரவு, ஓ.கே. கொரால் சண்டையின்போது ஊர்க் காவல் தலைவராக இருந்த வெர்ஜில் ஏர்ப்பை மறைந்திருந்து சுட்டு ஊனமாக்கியிருந்தார்கள். அவர் வந்தபின், மார்ச் 18 இரவு, பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த அவர் தம்பி மார்கன் ஏர்ப்பைக் கதவுக் கண்ணாடி வழியே சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து டூசான் ரயில் நிலையத்தில், அந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல் பிணமாகக் கிடந்தார். அது அவர்களின் சகோதரர் வயட் ஏர்ப்பின் பழிவாங்கலில் முதல் பலி. மே 3 அன்று குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் அரிசோனாவின் ஆயுதக் கும்பல்கள் கலைந்து போகாவிட்டால் ராணுவத்தை இறக்குவதாக அறிவிக்கை விட்டார். மே 25 அன்று இரண்டாவது பெருந்தீ, கடைத்தெரு மறுபடி சாம்பல். அதற்கு ஐந்து நாள் கழித்துப் பீபடிக்கு 25 வயது ஆனது. ஜூலையில் அவர் கிளம்பும் வாரத்தில்தான் ஏர்ப்களின் எதிரி ஜானி ரிங்கோ ஓர் ஓக் மரத்தடியில் தலையில் குண்டுடன் கண்டெடுக்கப்பட்டார்.

இன்னொரு தேதியையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். மே 6: சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் சட்டத்தில் ஆர்தர் கையெழுத்திட்டார். டூம்ஸ்டோனில் துணி வெளுத்ததும் காய்கறி விளைவித்ததும் சமைத்ததும் பெருமளவு சீனர்கள். துப்பாக்கிக் கதைகளில் அவர்களுக்கு இடமில்லை.

ஆக, கோயில் எழும்பியது ஊர் மிக மோசமாக இருந்த காலத்தில். அதனால் ஊர் அடங்கவுமில்லை. பின்னாளில் டூம்ஸ்டோன் அமைதியானதற்குக் காரணம் வேறு. சுட்டவர்கள் போய்விட்டார்கள், பிறகு வேலையும் போய்விட்டது. சண்டை போட ஆளில்லாத ஊர் ஒழுக்கமான ஊர் போலத்தான் தெரியும்.

அப்படியானால் அந்தக் கோயிலை யார், எதற்குக் கட்டினார்கள்? இங்கேதான் கண்காணி வருகிறார். மேற்கத்தியச் சுரங்க ஊர்களில் சபைகள் ஏறத்தாழ வேலைப் பிரிவினையின்படியே அமைந்தன. ஐரிஷ்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் கத்தோலிக்கர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் பெரும்பாலும் மெத்தடிஸ்ட். எப்பிஸ்கோப்பல் வருகைப் பதிவில் மேலாளர், பொறியாளர், வழக்கறிஞர், வங்கியாளர், கடை முதலாளி, அவர்களின் மனைவியர். கிழக்கிலிருந்து முதல் வந்ததும் அதன் பின்னாலேயே அந்த முதலின் சபையும் வந்தது. ஷீஃப்லின் சகோதரர்கள் தங்கள் பங்கை 1880இல் ஆறு லட்சம் டாலருக்கு விற்றது கிழக்குக்கரை முதலீட்டாளர்களுக்கு. லண்டன் வங்கிக் கூட்டாளியின் மகன் அங்கே போதகராக வந்ததில் யாரும் சதி பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பணமும் அவரும் வந்தது ஒரே பாதையில்.

கார்ன்வால்காரர்களின் பாதை ஒன்று நம்மிடமும் வந்தது. கார்ன்வாலில் தகர, செப்புச் சுரங்கங்கள் நொடித்தபின் அந்த மக்கள் உலகெங்கும் போனார்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலைத் தோண்டத் தொடங்கியபோது அங்கும் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். டூம்ஸ்டோனில் நீர் இறைத்த கார்னிஷ் பம்பின் பெயரைத் தங்கவயல் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. இந்த இடத்தில் ஒப்பீட்டை நிறுத்திக்கொள்கிறேன். தங்கவயல் 2001 வரை ஓடியது, டூம்ஸ்டோனின் செழிப்பு பத்தாண்டைத் தாண்டவில்லை.

சூதாடிகளின் காசு என்ற கதைக்கும் வருவோம். பீபடி மதுக்கடைக்குள் போய்ச் சீட்டாட்ட மேசையில் தொப்பியை நீட்டினார், சூதாடிகள் போட்டார்கள் என்பது பல வடிவங்களில் உலவுகிறது. பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பித் தடுப்புக்கு வயட் ஏர்ப் காசு கொடுத்தார் என்றுகூட ஊரில் சொல்வார்கள். கதையாக வைத்துக்கொள்ளலாம். சூதாடி காசு கொடுத்ததை வியப்பாகச் சொல்வது பிற்காலத்து மனம். 1882 டூம்ஸ்டோனில் ரொக்கம் புழங்கிய இடம் சீட்டாட்ட மேசைதான். நன்கொடை கேட்கிறவர் அங்கே போகாமல் வேறெங்கே போவார்? எனக்கு வியப்பாக இருப்பது கொடுக்கப்பட்ட பணம் எதற்குச் செலவானது என்பது. தாது தீர்ந்தால் அடுத்த மலைக்கு ஓடத் தயாராகக் கூடாரத்திலும் பலகைக் குடிலிலும் இருந்த ஊர், தடித்த சுவரும் கூர்வளைவுச் சாளரங்களும் கொண்ட கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது. அதே 1882இல்தான் கோச்சீஸ் மாவட்ட நீதிமன்றமும் எழுந்தது. இரண்டும் முதலீட்டாளர்களுக்கும் மணமாகி வரவேண்டிய பெண்களுக்கும் எழுதிய கடிதங்கள்: இங்கேயே இருக்கப்போகிறோம், நம்பி வாருங்கள்.

கட்டடத்தின் வடிவமும் இதே பேச்சைத்தான் பேசுகிறது. ஒற்றை நீள்கூடம், செங்குத்தாகச் சரியும் மரக்கூரை, உள்ளே மறைக்காமல் விட்ட கைமரங்கள், கூர்முனை வளைவில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், சிறிய மணிக்கூண்டு. இது கோதிக் மறுமலர்ச்சிப் பாணி. இடைக்கால இங்கிலாந்துக் கிராமக் கோயிலே உண்மையான கிறித்தவக் கட்டடம் என்று 1839இல் ஒரு மாணவர் சங்கம் பிரச்சாரம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய ஜான் மேசன் நீலும் பெஞ்சமின் வெப்பும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர்கள். நாற்பதாண்டுக்குப் பிறகு பீபடி படித்த அதே கல்லூரி. அமெரிக்காவில் இந்தப் பாணியைப் பரப்பியவர் ரிச்சர்ட் அப்ஜான். நியூயார்க்கின் டிரினிட்டி தேவாலயத்தை 1846இல் கட்டி முடித்தவர். 1852இல் அவர் வெளியிட்ட கிராமக் கட்டட நூல், கட்டடக்கலைஞர் இல்லாத ஊரிலும் தச்சர் ஒருவரே மரத்தில் கோதிக் கோயில் எழுப்ப வரைபடம் தந்தது. அதன் பிறகு மேற்கு முழுக்கத் தச்சர் கைவண்ணக் கோதிக் முளைத்தது. கொலராடோவின் லெட்வில்லில் 1880இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், நெவாடாவின் வர்ஜினியா சிட்டியில் 1875 பெருந்தீக்குப் பிறகு மறுபடி கட்டிய புனித பவுல் தேவாலயமும் மரத்தால் ஆனவை. இரண்டும் வெள்ளி ஊர்களின் எப்பிஸ்கோப்பல் கோயில்கள்.

டூம்ஸ்டோனில் மட்டும் கோதிக் வடிவத்தை மண்ணில் வார்த்தார்கள். சுவர் முழுக்க அடோபி, சுடாத செங்கல். நம் பக்கத்துப் பச்சைக்கல்தான். களிமண்ணையும் மணலையும் வைக்கோலோடு மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் அழுத்தி, சட்டத்தை உருவிவிட்டு வெயிலில் காயவைப்பது. சில நாளில் பக்கவாட்டில் நிமிர்த்திவைத்து மறுபுறம் காய விடுவார்கள். அங்கே பரவலாகப் புழங்கும் அளவு 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குல கனம். ஒரு கல் பதிமூன்று பதினான்கு கிலோ எடை. ஓர் ஆள் நாள் முழுக்கத் தூக்கி அடுக்கச் சரியான உச்ச எடை. பூசுவதற்கும் அதே மண். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். விறகெல்லாம் சுரங்கத்துக்கும் கொதிகலனுக்கும் போய்க்கொண்டிருந்த ஊரில் இது சாதாரணச் சலுகை இல்லை.

அடோபி என்ற சொல் பழைய எகிப்திய மொழியிலிருந்து அரபிக்கும், அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கும், ஸ்பானியர் வழி மெக்சிகோவுக்கும் வந்தது. டூம்ஸ்டோன் இருக்கும் நிலமே 1850களின் காட்ஸ்டன் ஒப்பந்தம்வரை மெக்சிகோவுக்குச் சொந்தம். ஒரு கோடி டாலருக்கு வாங்கிய பரப்பில் அதுவும் அடங்கும். அடோபி அறுப்பது அங்கே மெக்சிகோக்காரர்களின் கைத்தொழில். ஆக, இங்கிலாந்துக் கிராமத்தைக் கனவு கண்ட கோயில் நைல் கரையின் சொல்லையும் சொனோராவின் கைப்பழக்கத்தையும் கொண்டு எழுந்திருக்கிறது. அதைக் கட்டிய சபையார் இப்படி யோசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. மலிவு, கையருகே கிடைப்பது, எரியாதது. மூன்று காரணம் போதும். எரியாதது என்பதன் அருமை மே 25 தீயில் தெரிந்திருக்கும். கடைத்தெரு கருகியது, இரண்டு தெரு தள்ளி வேலை முடியும் நிலையில் இருந்த கோயில் தப்பியது. அதற்கு மூன்று வாரம் கழித்து முதல் ஆராதனை.

தீயை வென்ற மண்ணுக்குத் தண்ணீர் எமன். பச்சைக்கல் சுவர் மேலிருந்து மழையையும் கீழிருந்து ஈரத்தையும் தாங்காது. தெற்கு அரிசோனாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை பெய்யும் இடிமழைக்கு அங்கேயும் மான்சூன் என்றுதான் பெயர். ஒரு மணி நேரத்தில் கொட்டித்தீர்த்துவிட்டுப் போகும். கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் நீர் சுவரடியில் தெறித்து மண்ணை அரிக்கும். அடியில் தேங்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறும்; தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உப்புப் பூத்துப் பொரிந்து சுவர் குழிவிழும். பழைய அடோபிக் கட்டடங்களுக்கு இருபதாம் நூற்றாண்டு செய்த பெரிய கேடு சிமென்ட் பூச்சு. உறுதி என்று நினைத்துப் பூசினார்கள். மண் ஈரத்துக்கு உப்பிச் சுருங்கும், சிமென்ட் சுருங்காது. பூச்சு வெடிக்கும், வெடிப்பில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே சுவரைக் கரைக்கும். வெளியே அழகாகத் தெரியும் சுவர் ஒருநாள் உள்ளீடற்று உட்காரும். பழுது பார்ப்பவர்கள் இன்று சுண்ணாம்புக்கும் மண்பூச்சுக்கும் திரும்புகிறார்கள். செட்டிநாட்டிலும் தஞ்சைக் கிராமங்களிலும் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசிப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

மண் சுவர் ஒருமுறை கட்டிவிட்டால் முடிகிற காரியம் அல்ல. ஓட்டையை அடைக்கவும், பூச்சைப் புதுப்பிக்கவும், நீர்த்தாரையை மாற்றவும் தலைமுறைதோறும் யாராவது இருக்க வேண்டும். கட்டியவருக்கு ஆறு மாதம், காப்பாற்றியவர்களுக்கு நூற்று நாற்பது ஆண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தின் பெயர்கள் சுற்றுலாக் கையேட்டில் வருவதில்லை. பீபடி 1884இல் குரோட்டன் பள்ளியை நிறுவி 56 ஆண்டு தலைமையாசிரியராக இருந்தார், ஜே.பி. மார்கன் அதன் அறங்காவலர்களில் ஒருவர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே மாணவர். 1905இல் ரூஸ்வெல்ட்டுக்கும் எலினருக்கும் திருமணம் நடத்திவைத்தவரும் பீபடியே. இவ்வளவு பெரிய பெயர் கிடைத்துவிட்டபின் டூம்ஸ்டோன் கோயிலின் கதை அவரோடு தொடங்கி அவரோடு முடிந்துவிடுவதில் வியப்பில்லை. நியாயமும் இல்லை.

அவர் போனபின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1884இல் சுரங்க நிறுவனங்கள் நாள்கூலியை 4 டாலரிலிருந்து 3 டாலராகக் குறைத்தன. வேலைநிறுத்தம், வங்கி மூடல், ராணுவம். கோயிலைக் கட்டி இரண்டே ஆண்டில் மேலாளர்களும் தொழிலாளர்களும் எதிரெதிரே நின்றார்கள். 1886 மே 26 அன்று கிராண்ட் சென்ட்ரல் சுரங்கத்தின் பம்பு நிலையம் எரிந்தது. கன்டென்ஷன் பம்பு ஒன்றே முழு மலையின் நீரையும் இறைக்க முடியாது. நீர் ஏறியது, தாது மூழ்கியது. வெள்ளி விலையும் சரிந்துகொண்டிருந்தது. 1893இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1900 கணக்கெடுப்பின்போது 646 பேர். புது நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களை ஒன்றாக்கி இன்னும் பெரிய பம்புகளோடு வந்து பார்த்தார்கள். பத்தாண்டுக்குள் அதுவும் தோற்றது. 1929இல் மாவட்டத் தலைநகரைச் செப்பு ஊரான பிஸ்பிக்கு மாற்ற வாக்களித்தார்கள். அதே ஆண்டுதான் டூம்ஸ்டோன் தன் பழைய சண்டைகளைத் திருவிழாவாக நடித்துக் காட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து ஊரின் உண்மையான தொழில் அதுதான்.

ஹுவாச்சுக்கா குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2011இல் மலையில் பற்றிய காட்டுத்தீயும் அதைத் தொடர்ந்த மழை வெள்ளமும் அதை உடைத்தன. குழாயைச் சீர்செய்யப் பெரிய எந்திரங்களைப் பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றது வனத்துறை. ஊராட்சி வழக்குப் போட்டது. 2012இல் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு மலையேறினார்கள். 1882இல் தொடங்கிய தண்ணீர்ப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

கோயிலும் ஓயவில்லை. அரிசோனா மறைமாவட்டத்தின் கீழ் அது இன்றும் நடப்புச் சபை, அருங்காட்சியகமாக ஆகிவிடவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 1,308. வெள்ளி இன்னும் நீருக்கடியில் கிடக்கிறது. அதன் லாபத்தில் ஒரு சிறு பகுதியில் எழுந்த மண்சுவர், நீர் படாமல் யாரோ பார்த்துக்கொண்டதால், தரைக்கு மேலே நிற்கிறது.

அந்தப் பக்கம் போக வாய்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் தெரு முனையில் துப்பாக்கி நடிப்பு முடிந்ததும் வடக்கே ஒரு தெரு நடந்துபோங்கள். வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பார்க்கும் முன் கொஞ்சம் குனிந்து சுவரடியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பூச்சு எப்படி இருக்கிறது, கூரை நீர் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். உள்ளே உண்டியல் இருந்தால் கூரைச் செலவுக்கு ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.